பிள்ளை பயிற்சியில் இருக்கிறான்: எப்போது, எப்படிப் போய்ப் பார்ப்பது?

அக்னிவீரர் (நான்கு ஆண்டு ராணுவப் பணி) பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தைப் பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். பயிற்சி மையங்களின் நடைமுறை தெரிந்த முன்னாள் படைவீரர்கள் பதில் சொல்கிறார்கள்.

மகன் வெலிங்டன் போய் மூன்று வாரம் ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நேரே போய் நின்றால் பார்க்க விடுவார்களா?
வாசகி, உசிலம்பட்டி

விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. தரைப்படை அக்னிவீரர்களுக்குப் பயிற்சி 31 வாரம். அதில் முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி. நடை, உடை, தூங்கும் நேரம், சாப்பிடும் வேகம் என்று எல்லாவற்றையும் மாற்றிப்போடும் காலம் அது. அதன் தொடக்க வாரங்களில் பெரும்பாலான மையங்கள் யாரையும் சந்திக்க அனுமதிப்பதில்லை. வீட்டு முகத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன் எவன் என்று மறுநாள் காலை உடற்பயிற்சியில் உஸ்தாத் (பயிற்சியாளர்) சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார். கால் ஓடும், மனசு ஊரில் இருக்கும்.

அனுமதி உண்டா என்பதை மகன் மூலமாகவே கேளுங்கள். போன் கையில் கிடைக்கும் நாளில் அவன் பேசுவான். தன் கம்பெனியின் (பயிற்சிப் பிரிவின்) ஹவில்தார் மேஜரிடம் கேட்டு, 'இந்தத் தேதியில் வரலாம்' என்று அவன் சொன்ன பிறகு டிக்கெட் எடுங்கள். சந்திப்பு பெரும்பாலும் ஞாயிறு அல்லது விடுமுறை நாள், அதுவும் பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குள். நேரம் மையத்துக்கு மையம் மாறும். பக்கத்து வீட்டுப் பையன் ஹைதராபாத்தில் இருந்தபோது நடந்ததை வைத்து வெலிங்டனைக் கணக்குப் போட வேண்டாம்.

வாசலில் உங்களிடம் முதலில் கேட்பது பையனின் நம்பர். ஒரே பேட்ச்சில் நான்கு மணிகண்டன் இருப்பார்கள். பெயரைச் சொல்லி ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. ஆர்மி நம்பர், பெயர், கம்பெனி, பிளட்டூன் (கம்பெனிக்குள் சிறு குழு), பேட்ச் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போனில் குறித்து வைத்தால் போதாது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டால் நம்பரும் அதோடு போய்விடும். வருகிறவர்கள் அத்தனை பேருக்கும், சின்னப் பிள்ளை உட்பட, அசல் ஆதார் வேண்டும். ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள்.

வாசலில் இருக்கும் ரெஜிமென்டல் போலீஸ்காரர் கம்பெனிக்குப் போன் செய்வார். பையன் அனுமதி வாங்கி, உடை மாற்றி, வந்து சேர ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். பார்க்கவும் பேசவும் விசிட்டர் அறைதான். அவன் படுக்கும் பேரக்கைப் பார்க்க ஆசைப்பட்டாலும் நடக்காது. அனுமதி கிடைத்த நாளிலும் ஏமாற்றம் வருவதுண்டு. கம்பெனி துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு (ஃபயரிங்) போயிருக்கலாம். பேரக்கில் ஒருவனுக்கு அம்மை அல்லது பொன்னுக்குவீங்கி வந்தால் மொத்தப் பேரக்கையும் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் நல்லது. உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ கண்வலியோ இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போங்கள். நாற்பது பேர் வரிசையாகப் படுக்கும் இடம் அது.

இன்னொன்று: வெலிங்டனில் ராணுவ நிறுவனம் ஒன்று அல்ல. அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் பணிகள் பயிற்சிக் கல்லூரியும் அங்கேதான். ஆட்டோக்காரரிடம் 'ஆர்மி கேம்ப்' என்று மொட்டையாகச் சொன்னால் தவறான வாசலில் இறக்கிவிடுவார். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் சுருக்கப் பெயரான 'எம்.ஆர்.சி.' என்று சொல்லி, மகன் சொன்ன வாசலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பையனுக்கு என்ன கொண்டுபோகலாம்? பிரியாணி என்றால் உயிரை விடுவான்.
வாசகர், கோவில்பட்டி

கோவில்பட்டியில் இருந்துகொண்டு பிரியாணிக்கு ஏன் போகிறீர்கள்? கடலை மிட்டாய் இரண்டு கிலோ வாங்குங்கள். கெடாது, நசுங்காது, ஒரு பிளட்டூனுக்கே பங்கு வைக்கலாம். பங்கு வைக்காமல் தனியாகத் தின்கிறவனுக்கு பேரக்கில் மரியாதை கிடையாது, ஆகவே அளவை அதற்கேற்பப் போடுங்கள். முறுக்கு, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை இவையும் சரி. பேரக்குக்குள் வெளித் தின்பண்டம் எடுத்துப்போக விடாத மையங்களும் உண்டு. அங்கே விசிட்டர் அறையில் உட்கார்ந்து தின்றதோடு சரி. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரியாணி வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவு கட்டி, பஸ்ஸில் எட்டு மணி நேரம் வந்த கறிச்சோறு பகலில் திறக்கும்போதே வேலையைக் காட்டத் தொடங்கியிருக்கும். தயிர்சாதமும் அப்படியே. மறுநாள் திங்கள், விடியலில் ஓட்டம். வயிறு கெட்டவன் எம்.ஐ. ரூமுக்கு (மையத்தின் மருத்துவ அறைக்கு) போவான், பயிற்சி நாள் போகும். அப்படி நாட்கள் அதிகமாகப் போனால் அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள். 'ரெலிகேட்' என்று பையன்கள் பயந்து பேசுவது இதைத்தான். சூடாக ஏதாவது வாங்கித் தர ஆசையென்றால் அங்கேயே கேன்டீனில் வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாட்டைவிட நாங்கள் கவலைப்படுவது மாத்திரையைப் பற்றி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று ரெக்ரூட்டுகள் பலரும் சொல்வார்கள். எம்.ஐ. ரூமுக்குப் போனால் நாள் போகும் என்று பயந்து வீட்டில் வலி மாத்திரை கேட்பார்கள். தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். ஓட ஓட எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதன் தொடக்கமாக அது இருக்கலாம். வலியை மாத்திரையால் அமுக்கி ஓடினால் விரிசல் பெரிதாகி, இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய ஓய்வு மாதக்கணக்கில் இழுக்கும். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலிக்கிறதா, படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உடம்பு தேற்றும் பவுடர், நாட்டு லேகியம் எதுவும் வேண்டாம்.

கறுப்பு சாக்ஸ், கால் பவுடர், நகவெட்டி, ஊசி நூல், சின்னப் பூட்டு ஒன்று: இவற்றுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. தங்கச் சங்கிலி, மோதிரம், கத்தையாகப் பணம் இவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. தொலைந்தால் பேரக் முழுக்கச் சந்தேகம் பரவும்.

கசம் பரேடுக்கு (பயிற்சி முடிவில் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு) வரச் சொல்லியிருக்கிறார்கள். நான், மனைவி, 74 வயது அம்மா மூவரும் சென்னையிலிருந்து போகிறோம். நீலகிரி எக்ஸ்பிரஸில் போய், அப்படியே மலை ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்குமா?
வாசகர், திருவள்ளூர்

சரியாக இருக்காது ஐயா. பரேடைத் தவறவிடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வர காலை 6 மணிக்கு மேல் ஆகும். மலை ரயில் 7.10க்குப் புறப்பட்டு, கல்லாற்றிலிருந்து பல்சக்கரத்தில் ஏறிக் குன்னூர் சேரும்போது பத்தரை. பரேடு காலையிலேயே தொடங்கிவிடும். விருந்தினர்கள் அதற்கும் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். மலை ரயிலைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவில்லாமல் இடம் கிடைப்பது அபூர்வம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முந்தின நாளே போய்க் குன்னூரில் தங்குவதுதான் ஒரே வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 34 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கோவையிலிருந்தும் மேட்டுப்பாளையம் சாலை பஸ் நிலையத்தில் ஊட்டி பஸ் கிடைக்கும். குன்னூரிலிருந்து வெலிங்டன் ஊட்டி செல்லும் சாலையில் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஏப்ரல், மே என்றால் அறை வாடகை இரண்டு மடங்கு. முதலில் அறை, பிறகு டிக்கெட். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் பதிவு திறக்கிறது. பரேடு தேதி ஓரிரு நாள் நகர்வதும் உண்டு என்பதால் திரும்பும் டிக்கெட்டை இறுக்கிப் போடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்தால் மலை ரயில் நிற்கும், சாலையும் சில மணி நேரம் அடைபடும். அந்த மாதங்களில் அரை நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் போனால் இ-பாஸ் கட்டாயம். நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனம், சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு வைத்ததால், கடைசி நேரத்தில் பதிவு செய்யப் போனவர்கள் அவதிப்பட்டார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கி அபராதமும் போடுவார்கள்.

அம்மாவுக்கு: மலைச்சாலையில் 14 கொண்டைஊசி வளைவு. முன்பக்க சீட், வெறும் வயிறும் வேண்டாம், முழுச் சாப்பாடும் வேண்டாம். வாந்தி மாத்திரை போடுவதானால் அவருடைய வழக்கமான மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேலான உயரம். ஜனவரி விடியலில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகும். ஸ்வெட்டர், காதுக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். மெல்லிய பட்டுப்புடவையோடு திறந்த மைதானத்தில் நடுங்கிக்கொண்டு உட்காரும் அம்மாக்கள் ஒவ்வொரு பரேடிலும் இருப்பார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். அறையில் வைத்துவிட்டு வந்தால் நடுவில் எழுந்து போய் எடுத்துவர முடியாது. நடக்கச் சிரமம் என்றால் பையனிடம் முன்பே சொல்லிக் கம்பெனியில் தெரிவிக்கச் சொல்லுங்கள். படி ஏறாத இடத்தில் உட்கார வைப்பார்கள். யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலையும் முன்பே கேட்பார்கள். பட்டியலில் இல்லாத சித்தப்பாவை வாசலில் வைத்துச் சேர்க்கச் சொல்லி வாதாடுவது வீண்.

பரேடில் பையன்கள் உறுதிமொழி எடுத்து அணிவகுத்துப் போவார்கள். பெற்றோருக்கு 'கௌரவ் பதக்' என்ற பதக்கம் கொடுப்பதும் உண்டு. அதைச் சட்டையிலோ புடவையிலோ குத்துவார்கள், சால்வையை அதற்கு மேல் போர்த்தாதீர்கள். படம் எடுப்பதற்கு மையத்தில் என்ன சொல்கிறார்களோ அதுதான். அனுமதித்தாலும் மைதானத்தில் பிள்ளையோடு நின்று எடுப்பதோடு நிறுத்துங்கள். கட்டடம், ஆயுதம், வாசல் காவல் இவற்றை எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பதில் சொல்ல வேண்டியவன் உங்கள் மகன். பரேடு முடிந்ததும் லீவு கிடைக்கும் என்று அவன் பெயரிலும் திரும்பும் டிக்கெட் போடுகிறவர்கள் நிறைய. லீவு சர்டிபிகேட் கையில் வரும்வரை பொறுங்கள். ரயில் வாரண்ட் (ராணுவச் செலவில் பயணிக்கும் சீட்டு) கொடுத்தால் அந்த டிக்கெட் செலவே மிச்சம்.

போனில் அழுகிறான். 'வந்து கூட்டிட்டுப் போயிடும்மா, இல்லேன்னா நானே ஓடி வந்துடுவேன்' என்கிறான். நான் போகலாமா?
வாசகி, திருப்பத்தூர்

உடனே கிளம்பிப் போகாதீர்கள். முதலில் அழுகை எதனால் என்று பிரித்துப் பாருங்கள். தூக்கமில்லை, திட்டுகிறார்கள், கால் வலிக்கிறது, இந்தி புரியவில்லை என்றால் அது முதல் மாதத்துக்கே உரிய அழுகை. நேரில் போனால் அன்று ஆறும், மறுநாள் இரட்டிப்பாகும். அப்போது போனில் 'சரிப்பா, கஷ்டம்தான்' என்று கேட்டுக்கொண்டு, 'இன்னைக்கு என்ன சாப்பிட்ட, பக்கத்துக் கட்டில் பையன் எந்த ஊர்?' என்று பேச்சைத் திருப்புங்கள். 'உனக்காக நான் சாப்பிடாமல் கிடக்கிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் அன்றிரவு தூங்கமாட்டான்.

அடித்தார்கள், காயம், மூன்று நாளாகக் காய்ச்சல், உயிரை விட்டுவிடுவேன் என்ற பேச்சு: இதில் எது காதில் விழுந்தாலும் காத்திருக்க வேண்டாம். மையத்தின் அட்ஜுடன்ட் (நிர்வாகம் பார்க்கும் அதிகாரி) அலுவலகத்துக்குப் பேசுங்கள். அவன் நம்பர், கம்பெனி, அவன் சொன்னது, சொன்ன நாள், நேரம் எல்லாவற்றையும் சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்புங்கள். போன் எண் கிடைக்காவிட்டால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள்.

'ஓடி வந்துடுவேன்' என்பதன் விளைவை அவனும் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தே அவனுக்கு ராணுவச் சட்டம் பொருந்தும். அனுமதியின்றிப் போனால் அது குற்றம். 30 நாள் வராவிட்டால் விசாரணை மன்றம் கூடி அதைப் பதிவு செய்யும். தப்பியோடி வந்தவன் என்று தெரிந்தும் ஒரு படைவீரனை வீட்டில் மறைத்து வைத்தால் வைத்தவருக்கும் தண்டனை உண்டு. அதிலிருந்து விலக்கு கணவன் மனைவிக்கு மட்டும், பெற்றோருக்குக் கிடையாது. ஒருவேளை வாசலில் வந்து நின்றுவிட்டால், சோறு போட்டு, தூங்க வைத்து, அன்றே மையத்துக்குத் தகவல் சொல்லி, யாராவது பெரியவர் துணையோடு திருப்பி அனுப்புங்கள். இரண்டாம் நாள் தானாகத் திரும்பியவனையும் இரண்டு மாதம் கழித்துப் பிடிபட்டவனையும் ஒரே மாதிரி நடத்தமாட்டார்கள்.

பாட்டி சீரியஸாக இருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் பேரனுக்கு எப்படிச் சொல்வது, விடுவார்களா?
வாசகர், மேலூர்

சொல்வது கம்பெனி அலுவலகம் வழியாக. அவன் நண்பன் போனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடாதீர்கள். நம்பர், பெயர், கம்பெனி, யார் இறந்தார், என்ன உறவு, எப்போது, அடக்கம் என்றைக்கு என்று நான்கு வரி போதும். சரிபார்க்க உள்ளூர் காவல் நிலையம் அல்லது கிராம நிர்வாக அலுவலரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பொய்த் தகவல் சொல்லி லீவு கேட்கும் வழக்கம் இருப்பதால் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். அப்பா, அம்மா என்றால் பெரும்பாலும் அனுப்புவார்கள். பாட்டி என்றால் அதிகாரி முடிவுதான். வளர்த்தவரே பாட்டி என்றால் அதைச் சொல்லுங்கள். வரும்வரை வைத்திருப்போம் என்று ஊரில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஜபல்பூரில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) பயிற்சியில் இருக்கிறான் என்றால் அவன் வந்து சேரவே இரண்டு நாள் ஆகும்.

நிச்சயம் பேசி வைத்திருக்கும் பெண்ணையும் கூட்டிப்போகலாமா?
வாசகி, தேனி

வேண்டாம். திருமணமாகாதவர் என்று எழுதிக் கொடுத்துத்தான் அக்னிவீரராகச் சேர்ந்திருக்கிறான். நான்கு ஆண்டுப் பணிக் காலத்தில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. விசிட்டர் புத்தகத்தில் உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? 'மாமா பொண்ணு' என்று எழுதினால் உஸ்தாத் அதை மறக்கவே மாட்டார்.

மகள் ராணுவ போலீஸ் பயிற்சிக்கு பெங்களூரு போகிறாள். பெண்பிள்ளை என்பதால் அடிக்கடி பார்க்க விடுவார்களா?
வாசகி, ஓசூர்

அப்படித் தனிச் சலுகை கிடையாது. பெங்களூரு ராணுவ போலீஸ் மையத்தில் பெண்களின் முதல் பேட்ச் 83 பேர் 2021 மே மாதம் பயிற்சி முடித்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் பார்வையாளர் விதி பையன்களுக்கு உள்ளதுதான். ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானே என்று வாரம்தோறும் போய் வாசலில் நிற்காதீர்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் அவளுக்குத்தான் சங்கடம். பெங்களூரில் அல்சூர் பக்கம் எம்.இ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் படை) மையமும் உண்டு, வேறு மையங்களும் உண்டு. சேர்ப்பு ஆணையில் உள்ள முழுப் பெயரைக் காட்டியே வழி கேளுங்கள்.

'உங்கள் மகனுக்கு ஃபயரிங்கில் அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே 40,000 அனுப்புங்கள், நேரில் பார்க்க பாஸ் எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் இந்தியில் பேசினார். உண்மையா?
வாசகர், பண்ருட்டி

மோசடி. பயிற்சியில் அடிபட்டவருக்கு ராணுவ மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. பார்வையாளர் அனுமதிக்கும் கட்டணம் கிடையாது. கம்பெனியிலிருந்து பேசுகிறவருக்கு உங்கள் மகனின் நம்பர் தெரிந்திருக்கும், கேளுங்கள், மோசடிக்காரர் தடுமாறுவார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள், பிறகு கம்பெனி எண்ணுக்கு நீங்களே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மகனே பணம் கேட்டாலும் ஒரு நிமிடம் யோசியுங்கள். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000. அதில் சேவா நிதிக்கு (பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேமிப்பு) 9,000 போக 21,000 அவன் கணக்குக்கு வரும். சாப்பாடு, உடை, தங்குமிடம் எல்லாம் அங்கேயே. முதல் சம்பளம் வரத் தாமதமாகும்போது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் நியாயம். அதற்கு மேல் கேட்டால் ஆன்லைன் ரம்மியா, கடன் செயலியா என்று விசாரியுங்கள்.